ஓசூர் சாலையில் ஒரு மூளை

ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில் மாநில எல்லையைத் தாண்டினால், பெங்களூருக்குள் அதே ஓசூர் சாலையில் இருக்கிறது நிம்ஹான்ஸ் மருத்துவமனை. அங்குள்ள மூளை அருங்காட்சியகத்தில் உண்மையான மனித மூளையையே தொட்டுப் பார்க்கலாம். எடை ஏறக்குறைய 1.4 கிலோ. ஃபார்மலினில் பதப்படுத்தியதால் கெட்டியாக இருக்கும். உயிருள்ள மூளை இளநீர் வழுக்கை போலக் குழைவானது.

மடிப்பு மடிப்பாகத் தெரிவது பெருமூளை. திட்டமிடுவதும் கோபத்தை அடக்குவதும் அதன் நெற்றிப் பகுதி. பார்வையைக் கவனிப்பதோ பிடரிப் பகுதி! பைக்கிலிருந்து விழுந்து அங்கே பலத்த அடிபட்டால், கண்ணில் பழுதே இல்லாமல் பார்வை போகலாம்.

அதற்குக் கீழே, நெருக்கமான வரிகளோடு சிறுமூளை. லேத் பிடிப்பவரின் கை பிசகாமல் நகர்வது இதன் தயவால்தான்.

தண்டுவடம் தொடங்கும் இடத்தில் முகுளம். நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். மூச்சும் இதயத் துடிப்பும் இதன் பொறுப்பு. இங்கே சிறு காயம்கூட உயிரைப் பறிக்கலாம்.