சொந்த கிரவுண்டுல மட்டும் புலி ஆகுறது எப்படி?

இன்னைக்கு ஒரு டீமோட கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். 2016-ல தமிழ்நாடு பிரீமியர் லீக் முதல் தடவையா நடந்துச்சு. எட்டு டீம். அதுல ஒண்ணு எங்க தூத்துக்குடி பேர்ல, டூட்டி பேட்ரியாட்ஸ். மேட்ச் எல்லாம் சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலி சங்கர் நகர்னு மூணே இடத்துல. தூத்துக்குடியில ஒண்ணுகூட கிடையாது. ஆனா ஃபைனலுக்கு வந்தாங்க. ஃபைனல் சேப்பாக்கத்துல. எதிர்ல யாருன்னா சேப்பாக் சூப்பர் கில்லீஸ், அதாவது அந்த கிரவுண்டோட பேரையே வச்சிருக்கிற டீம். எங்க டீம் அவங்களை 100 ரன்னுக்கும் மேல வித்தியாசத்துல தூக்கிப் போட்டு கப் அடிச்சாங்க. ஊருக்கே வராம ஊருக்கு கப் வாங்கிக் கொடுத்த டீம்!

அப்போ சொந்த கிரவுண்டு பலம்னு ஒண்ணு நிஜமா இருக்கா, இல்ல கமென்ட்ரி பாக்ஸ்ல அடிச்சு விடுறதா? இருக்கு. கால்பந்து, கிரிக்கெட், கூடைப்பந்துன்னு எந்த ஆட்டத்தை எடுத்தாலும், நிறைய மேட்சைச் சேர்த்துப் பார்த்தா சொந்த கிரவுண்டுல ஆடுற டீம் அதிகமா ஜெயிக்குது. இந்திய டெஸ்ட் டீம் 2013-ல இருந்து 2024 வரைக்கும் சொந்த மண்ணுல தொடர்ச்சியா 18 சீரிஸ் ஜெயிச்சாங்க. கேள்வி இருக்கா இல்லையாங்கிறது இல்ல, எதனாலங்கிறதுதான்.

டெவலப்பரா இருக்கிறவங்களுக்கு இது ஈசியா புரியும். "என் மெஷின்ல ஓடுதே!"ன்னு தினமும் ஒருத்தராவது சொல்லுவாங்கல்ல, அதே பிரச்சனைதான். கோடு ஒண்ணுதான், சுத்தி இருக்கிற சூழல் வேற. அந்தச் சூழல்ல எந்த ஒண்ணு வேலையைச் செய்யுதுன்னு கண்டுபிடிக்க, ஒவ்வொண்ணா கழட்டிப் பார்க்கணும்.

முதல்ல எல்லாரும் சொல்றது கூட்டம். விசில், டிரம், "தோனி தோனி". இதைக் கழட்டிப் பார்க்கிறது எப்படி? கூட்டத்தை வர வேண்டாம்னு சொல்ல எந்த கிளப்பும் ஒத்துக்காது. கொரோனா வந்து அதைச் செஞ்சுது. இங்கிலீஷ் பிரீமியர் லீக்ல 2020-21 சீசன் பெரும்பாலும் காலி ஸ்டேடியத்துலதான் நடந்துச்சு. அந்த சீசன்ல வெளியூர் டீம் ஜெயிச்சது 153, சொந்த கிரவுண்டு டீம் ஜெயிச்சது 144. அந்த லீக் வரலாற்றுல அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ஜெர்மனி லீக்லயும் 2020 மே மாசம் காலி ஸ்டேடியத்துல ஆட்டம் திரும்ப ஆரம்பிச்சப்ப, சொந்த கிரவுண்டு வெற்றி சட்டுனு இறங்கிருச்சு. பிளேயர் அதே, புல்லு அதே, டிரெஸ்ஸிங் ரூம் அதே. சத்தம் மட்டும் இல்ல.

சரி, சத்தம் பிளேயருக்கு தெம்பு கொடுக்குதுன்னு முடிச்சுக்கலாமா? இங்கதான் விஷயம் சுவாரசியமாகுது. சத்தம் பிளேயரைவிட அதிகமா இன்னொருத்தரைத் தொடுது, ரெஃப்ரியை. 2002-ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில 40 ரெஃப்ரிகளை உக்கார வச்சு ஒரு லிவர்பூல் மேட்ச் வீடியோவைப் போட்டுக் காட்டினாங்க. பாதிப் பேருக்கு கூட்டத்தோட சத்தத்தோட, மீதிப் பேருக்கு சத்தமே இல்லாம. சத்தம் கேட்டவங்க, சொந்த டீம் மேல கொடுத்த ஃபவுல் சுமார் 15 சதவீதம் கம்மி. யாரும் காசு வாங்கல, யாரும் பயமுறுத்தல. சந்தேகமான நொடியில 40,000 பேர் ஒரே நேரத்துல "ஓ..."ன்னு கத்தும்போது மூளை அந்தச் சத்தத்தையும் ஒரு சாட்சியா எடுத்துக்குது, அவ்வளவுதான். ஸ்பெயின்ல இன்னொண்ணு பார்த்தாங்க. சொந்த டீம் ஒரு கோல் பின்னாடி இருந்தா, ரெஃப்ரி கடைசியில கொடுக்கிற கூடுதல் நேரம் கொஞ்சம் நீளுது. முன்னாடி இருந்தா சுருங்குது.

கிரிக்கெட் இதை ரொம்ப முன்னாடியே புரிஞ்சுக்கிச்சு. அந்தக் காலத்துல உள்ளூர் அம்பயர்தான். வெளிநாட்டுக்குப் போன டீம் எல்லாம் எல்.பி.டபிள்யூ பத்திப் புலம்பிட்டே திரும்பும். 1986-ல பாகிஸ்தான் லாகூர் டெஸ்ட்டுக்கு ரெண்டு இந்திய அம்பயரைக் கூப்பிட்டு நிக்க வச்சுச்சு. அதைக் கேட்டதே பாகிஸ்தான் கேப்டன் இம்ரான் கான்தான். நாங்க ஜெயிச்சா அம்பயராலன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு. செம கெத்து. 2002-ல இருந்து டெஸ்ட்ல ரெண்டு அம்பயருமே வெளிநாட்டவர்ங்கிறது விதியாச்சு. அப்புறம் டி.ஆர்.எஸ். வந்துச்சு. இவ்வளவு செஞ்சும் கிரிக்கெட்ல சொந்த மண் பலம் போகல. ஏன்?

ஏன்னா கிரிக்கெட்ல மண்ணே ஒரு பிளேயர். கூடைப்பந்து கோர்ட் எங்க போனாலும் மரத்தரைதான். பிட்ச் அப்படி இல்ல. 2011 ஐ.பி.எல்.ல சி.எஸ்.கே. சேப்பாக்கத்துல எட்டு மேட்ச் ஆடி எட்டுமே ஜெயிச்சாங்க. ஃபைனல்ல முதல் ஓவரே அஸ்வின் கையில. கெய்ல் டக் அவுட். மெதுவான, பால் நின்னு வர்ற பிட்ச்ல எந்த லெங்த்ல போட்டா என்ன ஆகும்னு சின்ன வயசுல இருந்தே கைக்குத் தெரிஞ்ச ஒருத்தர், அந்த பிட்ச்சுக்கு ஏத்த மாதிரி ஏலத்துல எடுத்த டீம். அந்த ரெண்டும் சேர்ந்ததுதான் கோட்டை.

இதை எங்க ஊர் கண்ணுல பார்த்தா இன்னும் தெளிவா தெரியும். கொற்கைக் கடல்ல முத்துக் குளிச்சவங்களுக்கும், இன்னைக்கும் சங்கு குளிக்கிறவங்களுக்கும் கடலுக்கு அடியில எந்த இடத்துல பார் இருக்கு, எங்க வெறும் மணல்னு தெரியும். மேல இருந்து பார்த்தா எல்லாமே ஒரே நீலத் தண்ணிதான். வெளியூர்க்காரர் எவ்வளவு பெரிய மூச்சு அடக்குறவரா இருந்தாலும், தப்பான இடத்துல முங்கினா வெறுங்கைதான். மூச்சு திறமை. இடம் தெரியுறது சொந்த ஊர் பலம். ரெண்டும் வேற வேற.

இப்போ ரெண்டு சீசனைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. 2018-ல காவிரிப் போராட்டம். சேப்பாக்கத்துல ஒரே ஒரு மேட்ச் நடந்துச்சு, மீதி எல்லாம் புனேக்கு மாத்திட்டாங்க. ரசிகர்களை ஏத்திக்கிட்டு சென்னையில இருந்து தனி ரயிலே போச்சு. புனேல ஆறு மேட்ச், அஞ்சுல ஜெயம், கடைசியில கப். வேற மண்ணு, ஆனா மஞ்சள் கூட்டம் பின்னாடியே போச்சு. 2025-ல நேரெதிர். கூட்டம் சேப்பாக்கம் முழுக்க இருக்கு, மண்ணு அதேன்னு நினைச்சோம். ஆறு மேட்ச்ல ஒண்ணுதான் ஜெயிச்சாங்க. 2008-க்கு அப்புறம் முதல் தடவையா ஆர்.சி.பி. சேப்பாக்கத்துல வந்து அடிச்சுட்டுப் போனாங்க. (அன்னைக்கு ராத்திரி எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல மயான அமைதி.) கோச் ஃபிளெமிங்கே, சேப்பாக்கத்துல எங்களுக்கு சொந்த கிரவுண்டு பலம்னு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டார். பிட்ச் எப்படி நடந்துக்கும்னு அவங்களாலயே கணிக்க முடியல.

அதை வச்சு "அப்போ கூட்டம்தான் முக்கியம், மண்ணு இல்ல"ன்னு சொல்லிட முடியாது. ஆறு மேட்ச் ரொம்ப சின்ன எண்ணிக்கை. அந்த வருஷம் சி.எஸ்.கே. டீமே சுமார்தான், வெளியிலயும் எட்டுக்கு மூணுதான். ஆனா ஒண்ணு சொல்லலாம். மண்ணு மாறினா, முகவரி அதே இருந்தும் பலம் போயிடும். இதுக்குக் கொற்கையைவிட நல்ல சாட்சி இல்ல. பாண்டியர் காலத்துல துறைமுகம். தாமிரபரணி கொண்டு வந்து கொட்டின மணல்ல கடல் தள்ளித் தள்ளிப் போயி, இன்னைக்கு அது கடற்கரையில இருந்து சில கிலோமீட்டர் உள்ள இருக்கிற ஒரு கிராமம். ஊர் அங்கேயேதான் இருக்கு. கடல்தான் போயிருச்சு.

விளையாட்டுல இது ஹாக்கிக்கு நடந்துச்சு, அதைப் பேசாம விட்டா எங்க மாவட்டத்துக்காரங்க என்னைச் சும்மா விட மாட்டாங்க. 1975-ல கோலாலம்பூர்ல, புல் தரையில, இந்தியா உலகக் கோப்பை ஜெயிச்சாங்க. அடுத்த வருஷமே மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ். முதல் தடவையா செயற்கைப் புல்தரை. இந்தியா ஏழாவது இடம். ஒரே வருஷத்துல திறமை ஆவியாகிப் போயிடுமா? தரைதான் மாறுச்சு. புல்லுல பால் தத்தும், அதை ஸ்டிக்ல அடக்கி, வளைச்சு, ஏமாத்திக் கொண்டு போறதுதான் நம்ம ஆட்டம். செயற்கைத் தரையில பால் வழுக்கிட்டுப் பறக்கும், அங்க வேகமும் உடம்பு வலுவும்தான் பேசும். வெளிநாட்டுல அந்தத் தரை வேகமா பரவுச்சு. நம்ம பசங்க பல வருஷம் மண் தரையில பழகி, பெரிய போட்டிக்குப் போனப்பதான் அதை மிதிச்சாங்க. அதாவது நாம இந்தியாவுலயே ஆடினாக்கூட, செயற்கைத் தரைன்னா அது நமக்கு வெளியூர் கிரவுண்டு.

அதனாலதான் கோவில்பட்டி எனக்கு முக்கியமா படுது. தீப்பெட்டி, கடலைமிட்டாய்னு மட்டும் தெரிஞ்ச ஊர் இல்ல அது, தலைமுறை தலைமுறையா ஹாக்கி ஊர். தெருவுக்குத் தெரு ஸ்டிக் இருக்கும், ஆனா தரை மண்ணு. இப்போ அங்கேயே செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கு, அரசு விளையாட்டு விடுதி இருக்கு, நாடு முழுக்க இருந்து டீம்கள் வந்து ஆடுற போட்டி நடக்குது. அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் இந்தியாவுக்கு ஆடினார். அரியலூர்ல இருந்து வந்து கோவில்பட்டி விடுதியில பழகின கார்த்தி செல்வமும் ஆடினார். பழகுற தரையும் ஆடப்போற தரையும் ஒண்ணாயிட்டா, புவனேஸ்வர் போனாலும் பெல்ஜியம் போனாலும் காலுக்கு அது சொந்த ஊர்தான்.

டூட்டி பேட்ரியாட்ஸ் விஷயமும் இதேதான். அந்த டீம்ல இருந்தவங்கள்ல நிறையப் பேர் சென்னை லீக் கிரிக்கெட்ல வளர்ந்தவங்க. சேப்பாக்கம் அவங்களுக்கு வெளியூரே இல்ல. பேர்தான் தூத்துக்குடி. அடுத்த வருஷம் அதே ஃபைனல், அதே கிரவுண்டு, அதே எதிரி, இந்தத் தடவை கில்லீஸ் ஜெயிச்சாங்க. சில வருஷத்துல டீமோட பேரும் கைமாறி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆயிடுச்சு. எங்க ஊர்ல ஒரு மேட்ச் நடந்திருந்தா, போகும்போது யாராவது கேட்டிருப்பாங்களோ என்னவோ.

அடுத்த எபிசோட்ல பெனால்டி ஷூட் அவுட். கோல்கீப்பர் நடுவுல சும்மா நிக்காம ஏன் எப்பவும் ஒரு பக்கம் பாயுறார்ங்கிறதைப் பார்ப்போம். வரட்டா மக்களே.