‘இரண்டு டீமும் கோல் அடிக்கும், 100% ஷ்யூர்’: இதைக் கணிக்க முடியுமா?

‘இன்னைக்கு பிடிடிஎஸ் யெஸ், கண்ணை மூடிட்டு போடுங்க!’ பிரீமியர் லீக் மேட்ச் இருக்கும் வார இறுதியில் இப்படி ஒரு மெசேஜ் உங்கள் மொபைலுக்கும் வந்திருக்கலாம். ‘போத் டீம்ஸ் டு ஸ்கோர்’ என்பதன் சுருக்கம்தான் பிடிடிஎஸ். யார் ஜெயித்தாலும் கவலை இல்லை. இரண்டு அணிகளும் குறைந்தது ஒரு கோல் அடித்தால் ‘யெஸ்’. ஏதாவது ஒரு அணி பூஜ்யத்தில் நின்றால் ‘நோ’.

கேட்க ஈஸியாக இருக்கிறது, இல்லையா? கணக்கைப் பார்ப்போம்.

நிறைய கோல் விழுந்தால் ‘யெஸ்’ தானே?

அப்படிச் சொல்ல முடியாது. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசிலை ஜெர்மனி 7-1 என்று துவைத்து எடுத்தது. 90-வது நிமிடத்தில் பிரேசிலின் ஆஸ்கார் அந்த ஒரு கோலை அடிக்காமல் இருந்திருந்தால், ஏழு கோல் விழுந்தும் விடை ‘நோ’. ஆக, மொத்தம் எத்தனை கோல் என்பதைவிட, இரண்டில் ஒரு அணி பூஜ்யத்தில் நிற்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் முக்கியம்.

அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பிரெஞ்சு கணிதவியலாளர் புவாசோன் பெயரில் உள்ள சூத்திரம்தான் அடிப்படை. ஓர் அணி சராசரியாக எத்தனை கோல் அடிக்கும் என்று தெரிந்தால், அது ஒரு கோல்கூட அடிக்காமல் போகும் வாய்ப்பை இது சொல்லும்.

உதாரணமாக, சொந்த மைதானத்தில் ஆடும் அணியிடம் 1.5 கோல் எதிர்பார்க்கிறோம்: அது கோல் அடிக்கும் வாய்ப்பு 78%. எதிரணியிடம் 1.2 கோல்: வாய்ப்பு 70%. இரண்டையும் பெருக்கினால் சுமார் 54%. கிட்டத்தட்ட பூவா தலையா கதைதான்!

2023-24 பிரீமியர் லீக் சீசனில் 380 மேட்ச்களில் 1,246 கோல்கள் விழுந்தன. அந்தக் கோல் மழையின் சராசரியைப் போட்டாலும் விடை 65% அளவில்தான் வருகிறது. அதாவது, மூன்றில் ஒரு மேட்ச் ‘நோ’.

இந்த 1.5, 1.2 எங்கிருந்து வருகின்றன? சமீபத்தில் அடித்த கோல், வாங்கிய கோல், சொந்த மைதானமா என்பது, ஒவ்வொரு ஷாட்டின் தரத்தையும் அளக்கும் ‘எக்ஸ்ஜி’ ஆகியவற்றிலிருந்து. முக்கிய ஸ்ட்ரைக்கருக்குக் காயம் என்றால் எண் மாறும். இவையெல்லாம் 54-ஐ 60 ஆக்கலாம், 100 ஆக்காது.

அப்போ சிலருடைய டிப்ஸ் மட்டும் எப்படித் தொடர்ந்து பலிக்கிறது?

ஒருவர் 3,200 பேருக்குத் தனித்தனியாக மெசேஜ் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேருக்கு ‘யெஸ்’, மீதிப் பேருக்கு ‘நோ’. தவறான பதில் போனவர்களை விட்டுவிட்டு, அடுத்த மேட்ச்சுக்கும் அதையே செய்கிறார். ஐந்து மேட்ச் முடியும்போது 100 பேருக்கு ஐந்தும் சரியாக வந்திருக்கும். அந்த 100 பேருக்கு அவர் தீர்க்கதரிசி. ஆறாவது டிப்ஸுக்குக் காசு கேட்பார்!

பணம் கட்டினால் என்ன ஆகும்?

54% வாய்ப்புள்ள ‘யெஸ்’ஸில் 100 ரூபாய் கட்டி ஜெயித்தால், நியாயப்படி சுமார் 185 ரூபாய் கைக்கு வர வேண்டும். 175 ரூபாய்தான் தருவார்கள் என்றால், இப்படி 100 முறை கட்டுபவருக்குச் சராசரியாக 550 ரூபாய் நஷ்டம். கணிப்பு சரியாக இருந்தாலும் இதுதான் நிலை. ஐந்து மேட்ச்களைக் கோத்துக் கட்டினால், ஐந்தும் பலிக்கும் வாய்ப்பு 5%கூட இல்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்கிறது.

அடுத்த முறை ‘100% ஷ்யூர்’ என்று மெசேஜ் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதுவரை சொன்ன எல்லா டிப்ஸையும், தப்பானவற்றையும் சேர்த்துக் காட்ட முடியுமா?’