கடற்கோள் எச்சரிக்கையும் நாடுகளின் கூட்டுறவும்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலை, இலங்கை நேரம் ஏழு மணிக்குச் சற்று முன்னர், சுமாத்திராவின் வடமேற்கே கடலடித் தரை பிளந்தது. ஆண்டெழுந்த பேரலை நமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலஞ் சென்றது. கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று, காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை எனத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் அக்கரையில் அவ்விரண்டு மணித்தியாலமும் வழமையான ஞாயிற்றுக்கிழமைக் காலையாகவே கழிந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கை முழுவதிலும் இறந்தோரும் காணாமற் போனோரும் 35,000க்கு மேலாவர். இரண்டு மணித்தியாலம் சிறுபொழுதன்று. முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கரையை விட்டு ஒரு மைல் உள்ளே செல்ல அது போதும். அப்பொழுது பயன்படாது போனமை எதனால் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அறிவின்மையால் அன்று என்பது முதற்கண் கூறற்பாலது. கடற்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தைப் புவியீர்ப்பு ஆர்முடுகலாற் பெருக்கி வர்க்கமூலங் காணின் அவ்வேகம் கிடைக்கும். உயர்வகுப்பு மாணவருஞ் செய்யத்தக்க கணக்கே இது. நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 200 மீற்றர், அஃதாவது மணித்தியாலத்துக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். பூமியதிர்ச்சி அலையோ பாறையினூடே இதனினும் பன்மடங்கு விரைந்து, இருபது நிமிட அளவிற் பூமியை ஊடுருவி மறுபுறத்தை எட்டிவிடும். ஆகவே அலை வருமுன்னர்ச் செய்தி வருதல் இயலும். ஹவாய்த் தீவிலுள்ள பசுபிக் கடற்கோள் எச்சரிக்கை நிலையம் அன்று பதினைந்து நிமிடங்களில் அறிக்கை விடுத்தது. அதிர்ச்சியின் வலிமை அதிற் குறைத்தே மதிக்கப்பட்டிருந்தது; பசுபிக் நாடுகளுக்கு அபாயமில்லை என்பது அதன் சாரம். அதுவரையில் அது சரியே. இந்து சமுத்திர நாடுகளுக்கு அறிவிக்கும் பொறுப்பை எவரும் அந்நிலையத்துக்கு அளித்திருக்கவில்லை. அந்நாடுகளில் எவரை அழைப்பது என்ற ஒழுங்கும் இருக்கவில்லை.

பசுபிக் நாடுகள் இவ்வொழுங்கைப் பெரு விலை கொடுத்தே பெற்றன. 1946இல் அலூசியன் தீவுகளருகே எழுந்த அலை ஹவாயில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1949இல் எச்சரிக்கை நிலையம் அமைந்தது. 1960இல் சிலி நாட்டுக் கரையிலெழுந்த அலை, ஏறத்தாழ ஒரு நாட்பொழுது கடந்து யப்பானை அடைந்து, அங்கு நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. பின்னர், யுனெஸ்கோவின் அரசுகளிடைச் சமுத்திரவியல் ஆணைக்குழு 1965இல் இப்பணியைப் பல நாடுகளின் கூட்டுப்பணியாக ஏற்றது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பலவற்றில் முரண்பட்டு நின்ற காலத்திலும் இதில் ஒன்றுபட்டன.

அதே காலத்தில் இந்து சமுத்திரமும் கவனிக்கப்படாமலில்லை. 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணத்தில் பல நாட்டுக் கப்பல்கள் இக்கடலை அளந்தன. கோவாவில் 1966இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசிய சமுத்திரவியல் நிறுவனம் அதன் நற்பயன்களுள் ஒன்று. ஆயினும் எச்சரிக்கை ஏற்பாடு எழவில்லை. இக்கடலிற் பேரலை அரிதே என்ற எண்ணம் மேலோங்கியிருந்தமையே காரணம்.

2005இல் அரசுகள் கூடிப் பேசியபோது இரு தடைகள் எழுந்தன. ஒன்று, நிலையம் எந்நாட்டில் அமைவது என்பது. ஜனவரி மாதம் தாய்லாந்தின் புக்கெற் நகரிற் கூடிய அமைச்சர்கள் இதில் உடன்படாது பிரிந்தனர். மற்றையது நுட்பமானது. பூமியதிர்ச்சியைப் பதியுங் கருவி நிலத்தடி அணுகுண்டுச் சோதனையையும் பதியும். ஆதலின் அக்கருவியின் பதிவை உடனுக்குடன் பிறர்க்களித்தல் பாதுகாப்புப் பற்றிய வினாவாகவும் ஆயிற்று. விந்தை யாதெனின், அணுச்சோதனைகளைக் கண்டறியவென்றே அமைக்கப்பட்ட வியன்னா நிறுவனத்தின் கருவிகள் இன்று கடற்கோள் நிலையங்களுக்குந் தரவளிக்கின்றன.

அவ்வாண்டு ஜூன் மாதம் பாரிசிற் கூடிய ஆணைக்குழு இந்து சமுத்திர ஏற்பாட்டை நிறுவியது. ஒரே நடு நிலையம் என்ற எண்ணம் கைவிடப்பட்டது. இது பொறாமைகளைத் தணிக்கக் கண்ட சமரசமே எனினும், ஒரு நிலையம் பழுதுறின் வேறொன்று பேசும் என்ற நன்மை அதனால் விளைந்தது. இடைக்காலத்தில் ஹவாயும் யப்பானும் உதவின. ஐதராபாத்தில் இந்திய நிலையம் 2007இல் தொடங்கியது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்றும் ஏனைய நாடுகளுக்குந் தகவலளிக்கின்றன. எனினும் மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கும் உரிமை அந்தந்த அரசுக்கே உரியது. இலங்கையில் அதனை வளிமண்டலவியல் திணைக்களம் விடுக்க, அனர்த்த முகாமைத்துவ நிலையம் மாவட்டங்களுக்கு அனுப்புகின்றது.

2012 ஏப்ரில் 11இல் இதன் வலிமை சோதிக்கப்பட்டது. சுமாத்திராவுக்கப்பால் 8.6 அளவான அதிர்ச்சி. சில நிமிடங்களிற் செய்தி பரவியது. கரையோர மக்கள் உள்நிலஞ் சென்றனர். கடலடித் தரை மேலெழாது பக்கவாட்டில் வழுக்கியமையாற் பேரலை எழவில்லை. வீணாக ஓடினோம் என்று சிலர் நகைத்திருக்கலாம். அந்நகைப்பே அடுத்த முறைக்குப் பகையாகும்.

கருவிகளும் நெடுநாள் நிலைப்பனவல்ல. ஜேர்மனியின் உதவியோடு இந்தோனேசியக் கடலிலிட்ட மிதவைகள் சில ஆண்டுகளிற் பழுதுற்றன. 2018இல் சுலவேசித் தீவின் பாலு நகரைப் பேரலை அழித்தபோது அந்நாட்டில் இயங்கும் மிதவை ஒன்றேனும் இருக்கவில்லை. இதற்கு மாறாக, 2004இல் அதிர்ச்சி மையத்துக்கு மிக அண்மையிலிருந்த சிமெலு தீவிற் கருவி யாதுமில்லை. 1907ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவை அம்மக்கள் ‘சிமோங்’ என்னும் ஒரு சொல்லிலே காத்து வந்தனர். நிலமதிர்ந்து கடல் வற்றின் மேடு நோக்கி ஓடுக என்பது அச்சொல்லோடு சேர்ந்த அறிவுரை. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட அம்மக்களுள் இறந்தோர் எழுவரே. நம்மிடத்துங் ‘கடற்கோள்’ என்ற பழஞ்சொல் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல்கொண்ட செய்தியை மணிமேகலை கூறும். அழிவின் துயரை நாம் காத்தோம். ஓடவேண்டிய திசையைக் காத்திலோம்.

கோமாரிக் கரையில் நின்றோர் சுமாத்திராவின் அதிர்ச்சியைக் கொண்டு விழிப்படைதல் அரிது. அத்துணைத் தொலைவு அது. ஆகவே சிமெலுவின் வழி மட்டும் இங்குப் போதாது. ஐதராபாத்தின் செய்தியும் வேண்டும். அது கொழும்பை அடைய நிமிடங்கள் போதும். நள்ளிரவில் வரின், அங்கிருந்து கோமாரியின் கடைசி வீட்டுக் கதவை எவர் தட்டுவது என்பதைப் பாரிசில் எழுதிய தீர்மானஞ் சொல்லாது. அது கிராம சேவையாளரையும், பாடசாலையையும், கோயில் மணியையும், அயலூர்ப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியையும் பொறுத்தது. அன்று பிறந்திராத பிள்ளைகள் இன்று உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் வயதினர்.