பல்லால் கேட்கும் தேன்கூடு

லண்டனின் தென்மேற்கே உள்ள கியூ தாவரவியல் பூங்காவில் தேனீக்களின் பேச்சைக் கேட்க ஒரு வழி செய்திருக்கிறார்கள். ஐஸ்கிரீம் குச்சி போன்ற ஒரு மரக்குச்சியின் ஒரு முனையை அதிர்வுக் கருவியில் செருகி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு காதுகளையும் பொத்திக்கொள்ள வேண்டும். தேன்கூட்டில் பதிவான அதிர்வு குச்சி வழியே பல்லுக்கும், பல்லிலிருந்து மண்டை எலும்புக்கும், அங்கிருந்து உட்செவிக்கும் போய்ச் சேரும். தேனீக்கும் நம்மைப் போன்ற காது கிடையாது. கூட்டுக்குள் அது அடையின் நடுக்கத்தைக் கால்களால் உணர்கிறது. ஆகவே பார்வையாளர் அங்கே தேனீயின் முறைக்குச் சற்று அருகே போகிறார்.

இந்த ஏற்பாடு இருப்பது ‘தி ஹைவ்’ என்ற சிற்பத்தின் அடியில். வொல்ஃப்காங் பட்ரஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் வடிவமைத்தது. சுமார் 17 மீட்டர் உயரம், 40 டன் எடை, ஏறத்தாழ 1,70,000 அலுமினியத் துண்டுகள். உள்ளே ஆயிரம் எல்.இ.டி. விளக்குகள். பூங்காவில் இருக்கும் உண்மையான தேனீப் பெட்டியில் அதிர்வு உணரிகளைப் பொருத்தி, அவை அனுப்பும் சமிக்ஞையால் இந்த விளக்குகளை இயக்குகிறார்கள். பெட்டிக்குள் பரபரப்பு கூடினால் சிற்பம் பிரகாசமாகிறது. தேனீக்கள் அடங்கினால் மங்குகிறது. முன்பே பதிவு செய்த செலோ, பியானோ, குரல் ஒலிகள் அந்தந்த நேரத்துச் சமிக்ஞைக்கு ஏற்ப ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கின்றன. தேனீக்களின் ரீங்காரம் மேற்கத்திய இசையின் ‘சி’ ஸ்வரத்தை ஒட்டியிருப்பதால், இசைக் கலைஞர்களும் அதையே ஆதார சுருதியாக வைத்து வாசித்தார்கள்.

முதலில் இது 2015-ல் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, பிரிட்டனின் அரங்காகக் கட்டப்பட்டது. உலகுக்கு உணவளிப்பதுதான் அந்த ஆண்டின் கருப்பொருள். அப்போது நாட்டிங்ஹாம் நகரில் ஒரு பெட்டிக்குள் தேனீக்கள் நடமாட, மிலானில் விளக்குகள் எரிந்தன. 2016 ஜூனில் சிற்பம் கியூவுக்குக் குடிபெயர்ந்தது.

நாட்டிங்ஹாமில் தொடங்கியதற்குக் காரணம், நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழக இயற்பியலாளர் மார்ட்டின் பென்சிக். கூட்டைத் திறக்காமல், புகை போடாமல், அடையில் புதைத்த உணரிகள் மூலம் மாதக்கணக்கில் தேனீக்களை ஒட்டுக்கேட்பது அவருடைய ஆய்வு. ஒரு கூட்டம் பிரிந்து பறக்கப்போவதைப் பல நாட்களுக்கு முன்பே அதிர்வு மாற்றங்களைக் கொண்டு கணிக்க முடியும் என்று அவர் குழு காட்டியது.

அந்தக் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வு ராணிகளைப் பற்றியது. கூடு பிரியும் பருவத்தில் பல ராணிகள் தனித்தனி அறைகளில் வளர்கின்றன. முதலில் வெளிவரும் ராணி அடையின் மேல் உடலை அழுத்தி, பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைத்து நீளமாக ஊதுகிறது. இன்னும் அறைக்குள் இருக்கும் ராணிகள் வாத்து கத்துவது போன்ற விட்டுவிட்டுக் கேட்கும் ஒலியால் பதில் தருகின்றன. வெளியே ஒரு ராணி ஊதிக்கொண்டிருக்கும் வரை வேலைக்காரத் தேனீக்கள் மற்றவற்றை அடைத்தே வைக்கின்றன. இரண்டு ராணிகள் சந்தித்தால் சாகும்வரை சண்டைதான். வெளியே வந்த ராணி ஒரு பகுதிக் கூட்டத்தோடு பறந்து போனதும் ஊதல் நிற்கிறது. கூட்டில் ராணி இல்லை என்பதற்கு அந்த மௌனமே அறிவிப்பு. உடனே அடுத்த ராணியை வெளியே விடுகிறார்கள் வேலைக்காரர்கள். இவ்வளவு அரசியலும் இருட்டுக்குள், அடையின் நடுக்கத்திலேயே நடந்து முடிகிறது!

இதையெல்லாம் பல்லால் கேட்ட ஒருவர் தேனீயைப் பழைய கண்ணோடு பார்க்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு, விலங்குகள் செய்யும் மகரந்தச் சேர்க்கையை ஓரளவாவது நம்பியிருக்கின்றன. ஐ.நா. ஆதரவோடு இயங்கும் பல்லுயிர் அறிவியல் குழு 2016-ல் சொன்ன கணக்கு இது. அந்த எண் மூளைக்குப் போகும். அதிர்வு எலும்புக்குப் போகிறது.

ஆனாலும் இந்தச் சிற்பத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதை இயக்குவது வளர்ப்புத் தேனீ. நோய்களும் வரோவா உண்ணியும் அதை வாட்டுவது உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து போட, பெட்டி மாற்ற, பஞ்சகாலத்தில் சர்க்கரைப் பாகு ஊற்ற மனிதர்கள் இருக்கிறார்கள். உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. பிரிட்டனில் மட்டும் சுமார் 270. அவற்றில் பெரும்பாலானவை தனியே வாழ்பவை. பெண் தேனீ மண்ணிலோ காய்ந்த தண்டிலோ ஒரு பொந்து பார்த்து, மகரந்த உருண்டை சேர்த்து, அதன்மேல் முட்டையிட்டு, வாசலை மூடிவிட்டுப் போகும். பிள்ளைகள் வெளிவரும் முன்பே பெரும்பாலும் அது இறந்துவிடும். உணரி பொருத்த அதற்குப் பெட்டி இல்லை. அழிவின் அபாயம் அதிகம் இருப்பது இத்தகைய காட்டினங்களுக்கும் பம்பிள் தேனீக்களுக்கும்தான்.

இதைச் சொன்னதும் கியூவின் விஞ்ஞானிகளே. “தேனீயைக் காப்போம்” என்ற நல்லெண்ணத்தில் லண்டன் மொட்டைமாடிகளில் பெட்டிகள் பெருகியபோது, இருக்கும் பூக்களுக்குப் போட்டி அதிகமாகிக் காட்டுத் தேனீக்கள் பட்டினி கிடக்க நேரும் என்று 2020-ல் வந்த அவர்களுடைய அறிக்கை எச்சரித்தது. பிரிட்டன் 1930-களிலிருந்து தன் காட்டுப்பூப் புல்வெளிகளில் 97 விழுக்காட்டை இழந்திருக்கிறது. பெட்டியை எத்தனை வேண்டுமானாலும் வாங்கிவிடலாம், புல்வெளியைக் கடையில் வாங்க முடியாது. அந்த வகையில் சிற்பத்தைச் சுற்றி கியூவில் வளர்த்திருக்கும் காட்டுப்பூப் புல்வெளி, என் பார்வையில், அந்தப் படைப்பின் சரிபாதி. அலுமினியத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் வரும் வழியில் அங்கே கொஞ்சம் குனிந்தும் பார்க்க வேண்டும்.

அலெக்ஸாண்ட்ரா டெய்சி கின்ஸ்பெர்க் என்ற கலைஞர் இதையும் தாண்டிப் போயிருக்கிறார். ‘பாலினேட்டர் பாத்மேக்கர்’ என்ற அவருடைய படைப்பு முழுக்க முழுக்கச் செடிகளால் ஆனது. கார்ன்வாலின் ஈடன் பிராஜெக்டில் தொடங்கி, லண்டனின் கென்சிங்டன் கார்டன்ஸ், பெர்லின் என்று அதன் பதிப்புகள் முளைத்தன. எந்தப் பூச்சி எந்தப் பூவுக்கு வரும், எந்த மாதத்தில் எது பூக்கும், நினைவில் வைத்த தடத்தில் பறப்பது எது, கண்டபடி அலைவது எது என்பதையெல்லாம் கணக்கிட்டு, மிக அதிகமான பூச்சி இனங்களுக்கு உதவும்படி ஒரு கணினி நிரல் நடவுத் திட்டம் போடுகிறது. மனிதக் கண்ணுக்கு அழகாக இருக்குமா என்ற கேள்வி அதில் கிடையாது. இணையத்தில் அந்த நிரலை யார் வேண்டுமானாலும் இலவசமாக இயக்கலாம். தோட்டத்தின் அளவு, வெயில், மண் வகையைச் சொன்னால் உங்களுக்கான வரைபடத்தைத் தந்துவிடும். ஒரே நிபந்தனை, அதில் வரும் செடிகளை நட்டு வளர்க்க வேண்டியது நீங்கள்.