நாமக்கோழியின் கணக்கு

தரையிலும் நீரோரத்திலும் பிறக்கும் பறவைக் குஞ்சுகள் பெரும்பாலும் மண்ணின் நிறத்திலோ சருகின் நிறத்திலோ இருக்கும். எதிரியின் கண்ணில் படாமல் பிழைக்க அதுவே வழி. நாமக்கோழிக் குஞ்சு இதற்கு நேர்மாறு. தாயும் தந்தையும் உடல் முழுக்கக் கரிநிறம். நெற்றியிலும் அலகிலும் மட்டும் வெள்ளை. அவற்றின் குஞ்சோ சிவந்த வழுக்கைத் தலையும் கழுத்தைச் சுற்றி ஆரஞ்சுத் தூவிகளுமாக முட்டையிலிருந்து வெளிவருகிறது. சில வாரங்களில் அந்த வண்ணம் மங்கிவிடும். ஆபத்து மிகுந்த அந்தச் சில வாரங்களுக்கு இப்படியோர் அலங்காரம் எதற்கு?

நம் ஏரிகளில் நீந்தும் நாமக்கோழிக்கு நெருங்கிய உறவு அமெரிக்க நாமக்கோழி. விடை அதனிடமிருந்துதான் கிடைத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துச் சதுப்பு நிலங்களில் புரூஸ் லயன் என்ற உயிரியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இப்பறவையின் குடும்ப வாழ்க்கையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

நீந்தும் விதத்தைப் பார்த்து நாமக்கோழியை வாத்து என்று எண்ணுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது கானாங்கோழி, தாழைக்கோழிகளின் குடும்பம். வாத்துக்கு இருப்பதுபோல் விரல்களை இணைக்கும் சவ்வு இதற்குக் கிடையாது. ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் மடல் மடலாகத் தோல் இருக்கிறது. காலைப் பின்னுக்கு உந்தும்போது மடல்கள் விரியும். முன்னுக்கு இழுக்கும்போது மடங்கிக்கொள்ளும். சம்பு, நாணல் தண்டுகளை அடுக்கி, நீரின்மேல் மேடைபோலக் கூடு கட்டும்.

அந்தக் கூட்டில் நாளுக்கு ஒன்றாக எட்டு, பத்து என்று முட்டைகள் சேரும். குஞ்சுகளும் ஒரே நாளில் பொரிவதில்லை. மூத்ததற்கும் இளையதற்கும் பல நாள் இடைவெளி இருக்கும். இரை எல்லாவற்றுக்கும் போதாது. ஏறத்தாழப் பாதிக் குஞ்சுகள் பசியால் மடிகின்றன.

சொந்தக் குஞ்சுகளுக்கே இரை பற்றாதபோது, அடுத்த கூட்டு நாமக்கோழி கள்ளத்தனமாக வந்து முட்டையிட்டுப் போகிறது. லயன் கவனித்த கூடுகளில் நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டவற்றில் இது நடந்திருந்தது. அயல் குஞ்சு ஒன்று பிழைத்தால் சொந்தக் குஞ்சு ஒன்று சாகும் நிலை. ஆகவே தாய் விழிப்பாக இருக்கிறது. முட்டைகளின் நிறமும் புள்ளிகளும் தாய்க்குத் தாய் மாறுபடும். அந்த வேறுபாட்டைக் கண்டுகொண்ட தாய், அயல் முட்டையைக் கூட்டின் தண்டுகளுக்கு அடியில் புதைத்துவிடுகிறது, அல்லது ஓரத்துக்குத் தள்ளி அடைச் சூடு கிடைக்காமல் செய்கிறது.

2003இல் ‘நேச்சர்’ இதழில் லயன் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. அயல் முட்டையை அடையாளம் காணாத தாய், கூடு நிறைந்துவிட்டதாகக் கொண்டு தன் முட்டைகளைக் குறைத்துக்கொண்டது. அடையாளம் கண்ட தாயோ, அயல் முட்டைகள் இன்னும் கூட்டில் கிடந்தபோதும், வழக்கமாக இடும் அளவுக்கு இட்டு முடித்தது. மொத்தக் குவியலை விட்டுவிட்டுத் தன்னுடையதை மட்டும் அது எண்ணியிருக்கிறது. இயற்கைச் சூழலில் ஒரு விலங்கு எண்ணுவதற்கு இவ்வளவு தெளிவான சான்று அரிது.

வண்ணத்தின் புதிரை அவிழ்த்தது 1994இல் வெளியான ஒரு சோதனை. லயனும் ஜான் ஈடி, லிண்டா ஹாமில்டன் ஆகியோரும் ஒரே கூட்டின் குஞ்சுகளில் பாதிக்கு மட்டும் ஆரஞ்சுத் தூவி நுனிகளைக் கத்தரித்துக் கறுப்பாக்கினார்கள். பெற்றோர் வண்ணக் குஞ்சுகளுக்கே அதிகம் ஊட்டின. அவையே நன்றாக வளர்ந்தன. எல்லாக் குஞ்சுகளையும் கறுப்பாக்கிய கூடுகளில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆக, கறுப்பினால் தீங்கு இல்லை. பக்கத்தில் வண்ணமான உடன்பிறப்பு இருந்தால்தான் கறுப்புக் குஞ்சு பின்தங்குகிறது.

பெற்றோர் ஏன் வண்ணத்தை விரும்ப வேண்டும்? 2020இல் லயனும் டாய் ஷிசுகாவும் இதற்கு விளக்கம் தந்தார்கள். கடைசியாக இட்ட முட்டைகளின் குஞ்சுகளே அதிக வண்ணத்தோடு பிறக்கின்றன. முதல் நாட்களில் பெரிய குஞ்சுகள் முந்திக்கொண்டு இரையைப் பறித்துக்கொள்ள, கடைக்குட்டிகள் பல மடிகின்றன. சுமார் பத்து நாளுக்குப் பிறகு கட்டுப்பாடு பெற்றோர் கைக்கு வருகிறது. பெரியவை நெருங்கினால் தலையைக் கொத்தி உலுக்கி விரட்டிவிட்டு, எஞ்சிய சிறியவற்றுக்கு ஊட்டத் தொடங்குகின்றன. எது இளையது என்பதை அந்த வண்ணம் காட்டிக்கொடுக்கிறது.

இரக்கமற்றதாகத் தோன்றும் இந்த முறையில்தான் இப்பறவையின் பெருக்கம் அடங்கியிருக்கிறது. ஈரநிலத்தில் அடுத்த மாதம் எவ்வளவு இரை கிடைக்கும் என்பது முட்டையிடும் நாளில் எந்தத் தாய்க்கும் தெரியாது. அதனால் வளர்க்கக்கூடியதைவிட அதிகமாக இடுகிறது. வளம் வாய்த்தால் அதிகம் பிழைக்கும், பஞ்சமானால் சில மட்டும் தேறும். வட அமெரிக்கப் புல்வெளிக் குட்டைகள் வறண்ட ஆண்டுகளில் இப்பறவையின் எண்ணிக்கை சரிவதும், நீர் நிறைந்த ஆண்டுகளில் மீள்வதும் வழக்கம். அந்த மீட்சிக்கு உதவுவது கூடுதலாக இட்ட முட்டைகள். ஆனால் அவை குஞ்சாகி வளர நீர் தேங்க வேண்டும், நாணல் நிற்க வேண்டும், பூச்சிகள் பெருக வேண்டும். குட்டையையே மண் கொட்டி மூடிவிட்டால், எத்தனை முட்டை இட்டாலும் எவ்வளவு சரியாக எண்ணினாலும் இப்பறவையால் ஈடுகட்ட முடியாது.