கரும்பூஞ்சை நோயும் காலத்தின் அருமையும்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் சாம்பல் நோய் கண்டவுடன் மருந்து தெளிக்கத் தவறினால் விளைச்சல் பாழாகும் என்பதை விவசாயிகள் நன்கறிவர். மனித உடலைப் பற்றும் பூஞ்சைக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

மண்ணிலும் எருவிலும் அழுகிய காய்கனிகளிலும் வாழும் சிலவகைப் பூஞ்சைகளின் நுண்விதைகளை நாம் மூச்சுடன் உள்ளிழுக்கிறோம். நல்ல உடல்நலம் உடையோரை அவை பெரும்பாலும் வருத்துவதில்லை. ஆனால், கட்டுக்கடங்காத நீரிழிவு உடையோர், ஸ்டீராய்டு மருந்தை மிகுதியாகப் பெற்றோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் ஆகியோரிடம் எதிர்ப்புச் சக்தி குன்றியிருக்கும். அத்தகையோரின் மூக்கில் வேரூன்றும் பூஞ்சை கண்ணுக்கும் மூளைக்கும் பரவக்கூடும். 2021ஆம் ஆண்டில், கொரோனாவின் இரண்டாம் அலையை ஒட்டி, இந்தியாவில் 40,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் 4,000 பேருக்கு மேல் மாண்டனர்.

முகத்தின் ஒரு பக்கத்தில் வலி அல்லது வீக்கம், மூக்கடைப்பு, மூக்கிலிருந்து கறுத்த நீர் அல்லது இரத்தம் வடிதல், பல் ஆடுதல், பார்வை இரண்டாகத் தெரிதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைத்தல் தகாது.

சிகிச்சை மூவகைப்படும். முதலாவது, ஆம்போடெரிசின் என்னும் மருந்தை நரம்பு வழியாக மெல்லச் செலுத்துதல். இது சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடுமாதலால், மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனையுடன் பல நாட்கள் அளிக்கப்படும். இரண்டாவது, அறுவைச் சிகிச்சை. பூஞ்சை இரத்தக் குழாய்களை அடைத்துவிடுவதால் தசை மடிந்து கறுக்கிறது. இரத்தம் செல்லாத இடத்திற்கு மருந்தும் செல்லாது. எனவே மடிந்த பகுதியை அகற்றியே தீரவேண்டும். மூன்றாவது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துதல். இதனை விடுத்து மற்றிரண்டையும் செய்வது, மடையை அடைக்காமல் நீரை இறைப்பதற்கு ஒப்பாகும்.

மயிலாடும்பாறை வட்டாரத்தில் இவ்வறிகுறிகளைக் கண்டால், பல்வலியென்று கருதிக் கைவைத்தியத்தில் நாளைக் கழிக்கலாகாது. கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியே க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே செல்ல வேண்டும். 108 ஆம்புலன்சை அழைக்கலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் வார்டில் நீரிழிவு உடையோர் யாவர், அவர்கள் மாத்திரையைத் தவறாது உட்கொள்கின்றனரா என்று அறிந்திருத்தல் நலம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அம்மாத்திரைகளை வீட்டிற்கே கொணர வழி செய்துள்ளது. நீரிழிவு உடைய விவசாயிகள் எரு அள்ளும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும், காலில் செருப்பணிவதும் நன்று. ஒரு நாள் கூலியை எண்ணித் தயங்கினால், கண்ணையோ உயிரையோ இழக்க நேரும்.