திரவங்களின் பாகுநிலையும் உயிர்க்காப்பும்

திரவங்கள் யாவும் ஓடும் இயல்புடையனவாயினும் ஒரே விரைவில் ஓடுவனவல்ல. சாய்த்த குப்பியினின்று தண்ணீர் கணத்தில் வெளிப்படும்; ஆமணக்கெண்ணெயோ வேண்டா வெறுப்பாய் இழியும். இங்ஙனம் ஒரு திரவம் தன் ஓட்டத்தைத் தானே தடுக்கும் தன்மையைப் பாகுநிலை என்பர். வெல்லப் பாகை விரலிடையில் நீட்டிக் கம்பிப் பதம் பார்க்கும் நம் தாய்மார் இதனை நெடுங்காலமாய் அறிவராதலின், இச்சொல் மிகப் பொருத்தமானதென்றே கருதுகிறேன்.

அடுப்பங்கரைக்குரிய இவ்வளவை உயிர்காக்கும் பரிசோதனையானது எங்ஙனம்? மண்ணெண்ணெயை நோக்குக. சிறு குழந்தைகள் அதனைத் தண்ணீரென்றெண்ணிக் குடித்து இறக்க நேர்வதுண்டு. வயிற்றினுட் சென்ற எண்ணெயே விஷமாகிக் கொல்கிறதென்று பலர் நினைப்பர். உண்மை பெரும்பாலும் வேறு. இரைப்பையினின்று அது குருதியிற் கலப்பது சிறிதே. விழுங்கும்போதோ இருமும்போதோ சில துளிகள் மூச்சுக்குழலில் இறங்குமாயின், மெல்லிய திரவமாகையால் அவை நுரையீரலின் நுண்ணறைகள்வரை பரவிக் கடும் அழற்சியை விளைக்கும். தடித்த எண்ணெய் அவ்வளவு எளிதிற் பரவாது. இதனாலன்றோ மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தியெடுக்கச் செய்தலாகாதென மருத்துவர் வற்புறுத்துகின்றனர்! உப்புநீர் புகட்டியும் தொண்டையில் விரலிட்டும் உதவ முயலும் சுற்றத்தார், ஒருமுறை கடந்த அபாயத்தை மீண்டும் அவ்வழியே அழைக்கின்றனர். தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதலே தக்கது.

எவ்வளவு மெலிந்தால் அபாயம்? 2003-இல் முதன்முதல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் சபையின் இரசாயன வகைப்பாட்டு முறை இந்நாளில் இதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. ஹைட்ரோகார்பன் திரவமொன்றின் பாகுநிலையை அதன் அடர்த்தியால் வகுத்து வரும் அளவு, 40 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு 20.5 சதுர மில்லிமீட்டரோ அதனிற் குறைவோ ஆயின், விழுங்கி மூச்சுவழியில் நுழைந்தால் உயிருக்கு ஆபத்தென்னும் எச்சரிக்கையை அக்கலத்தின்மேல் பொறித்தல் வேண்டும். அவ்வெப்பத்தில் தண்ணீரின் அளவு ஏறக்குறைய 0.66, மண்ணெண்ணெயின் அளவு 1-க்கும் 2-க்கும் இடைப்பட்டது, ஆமணக்கெண்ணெயோ 200-ஐக் கடந்து நிற்கும்.

அளக்கும் கருவி எளியது. வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று. அதன் ஒரு கையில் மயிரிழை போன்ற நுண்துளை. அதன்மேல் ஒரு சிறு குமிழ். குமிழுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு கோடு. 1909-இல் நோபல் பரிசு பெற்ற ஓஸ்ட்வால்டின் பெயரால் வழங்கும் குழாய் இவ்வகையினது. திரவத்தை மேற்கோட்டிற்கு மேல் உறிஞ்சி விட்டுவிட்டால், அது தன் எடையாலேயே இறங்கும். ஒரு கோட்டினின்று மறுகோட்டிற்கு வரும் விநாடிகளை எண்ணி, அக்குழாய்க்குரிய மாறிலியாற் பெருக்க வேண்டும். மாறிலி 0.01 ஆக, இறங்க 150 விநாடி சென்றால், விடை 1.5. அளவறிந்த திரவமொன்றை முன்னரே ஓடவிட்டு அம்மாறிலியைக் கண்டுகொள்வர்.

எளிமை கண்டு ஏமாறலாகாது. உஷ்ணம் சிறிது ஏறினாலும் திரவம் இளகிவிடும். ஆதலின் குழாயை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி வெப்பநிலையை அசையாது காப்பர். நுண்துளையில் ஒரு தூசி நின்றாலும் மெல்லிய திரவம் தடித்ததாய்த் தோன்றும். அபாயமுள்ளது அபாயமற்றதென விற்கப்படும். கலக்குந்தோறும் இளகும் சில வர்ணங்களுக்கோ இக்குழாய் உதவாது; பல வேகங்களிற் சுழலும் வேறு கருவி வேண்டும்.

கலவைகளின் நிலை இன்னும் நுட்பமானது. இவ்வகை ஹைட்ரோகார்பன்கள் நூற்றுக்கு 10 பங்கேனும் சேர்ந்து, கலவையின் அளவும் 20.5-ஐ மிஞ்சாதிருப்பின் எச்சரிக்கை வேண்டும். கலவை அடுக்குகளாய்ப் பிரியுமாயின் ஒவ்வோரடுக்கையும் தனித்தனியே நோக்குவர். மேலே மிதக்கும் மெல்லிய அடுக்கொன்று எல்லைக்குட்பட்டால் குப்பி முழுவதும் அபாயமுடையதென்றே கொள்ளப்படும்.